பொருத்து வரிசையும் கணனி ஒத்திகையும்

ஒரு தொழிற்சாலையைக் கட்டி முடித்த பின்னர் அதன் யந்திரங்களை இடம் மாற்றுவது எளிதன்று. கொங்கிரீற்றில் பதித்த அடித்தளம், மேலே ஓடும் பாரந்தூக்கியின் தண்டவாளம், நிலத்தின் கீழே செல்லும் மின்கம்பி, நீர்க்குழாய் என யாவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். ஆதலால் எந்த யந்திரத்தை எங்கே வைப்பது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலையை நிறுத்துவது, இரண்டு வேலைநிலைகளுக்கிடையே எவ்வளவு வெற்றிடம் விடுவது என்னும் கேள்விகளுக்குச் சுவர் எழும்புமுன்னரே விடை கண்டாக வேண்டும். விடை பிழைத்தால் அதன் பலனைப் பல்லாண்டு அனுபவிக்க நேரும். அனுபவிப்போர் பெரும்பாலும் அந்த வரைபடத்தை வரைந்தவர் அல்லர்.

இன்று இக்கேள்விகளைக் கணனியிடம் ஒப்படைக்கின்றனர். கட்டப்படாத தொழிற்சாலை ஒன்றைக் கணனியின் நினைவகத்தில் எழுப்பி, அதில் இல்லாத தொழிலாளரை இல்லாத யந்திரங்களின்முன் நிறுத்தி, ஓராண்டு வேலையைச் சில நிமிடங்களில் நடத்திப் பார்க்கின்றனர். இதனை ஆங்கிலேயர் சிமுலேஷன் என்பர். நாடகம் அரங்கேறுமுன் நடைபெறும் ஒத்திகையை இது பெரிதும் ஒத்திருத்தலின், இப்பேச்சில் ஒத்திகை என்றே குறிப்போம். இம்முறை எவ்வாறு வந்தது, யார் கைப்பட்டு வளர்ந்தது, எதனைக் காட்டிற்று, எதனைக் காட்டத் தவறிற்று என்பனவே நேயர்களுக்கு இன்று நாம் சொல்ல எண்ணிய செய்திகள்.

தொழிற்சாலை அமைப்பைச் சீர்செய்ய முயன்றோர் முதலில் ஏட்டை நாடவில்லை. தொழிற்சாலையின் நிலத்திலேயே பரீட்சித்தனர். 1913ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி, அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரை அடுத்த ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி போர்ட்டின் மோட்டார்த் தொழிற்சாலையில் அத்தகைய பரீட்சை ஒன்று நடந்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மக்னீற்றோ என்னும் உறுப்பைப் பொருத்தும் வேலை அது. அதுவரை ஒரு தொழிலாளி தம் மேசையில் இருந்தவாறே முழுவதையும் தனியே பொருத்தி வந்தார். ஒன்றைப் பொருத்த ஏறத்தாழ 20 நிமிடம் சென்றது. அவ்வேலையை 29 கூறுகளாகப் பிரித்துத் தொழிலாளரை வரிசையாக நிறுத்தியபோது அது 13 நிமிடமும் 10 செக்கனுமாகக் குறைந்தது. 1914ஆம் ஆண்டில் வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் கூட்டினர். வேறெதுவும் செய்தாரல்லர். 7 நிமிடமாயிற்று. பின்னர் வரிசையின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தனர். குனிந்த முதுகுக்கும் நிமிர்ந்த முதுகுக்கும் உள்ள வேறுபாடு எட்டு அங்குலத்தில் அடங்கியிருந்ததை, அதனை உயர்த்திப் பார்க்கும் வரை எவரும் கணித்திருக்கவில்லை.

வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்தும் வேலையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஓரிடத்தில் நிறுத்தி வைத்துப் பொருத்தியபோது ஓர் அடிச்சட்டத்துக்கு 12 மணி 28 நிமிடம் பிடித்தது. பின்னர் 250 அடி நீளத்துக்கு உறுப்புகளைக் குவியல் குவியலாக வைத்து, சட்டத்தைக் கயிறு கட்டி இழுத்துச் செல்ல, ஆறு தொழிலாளர் உடன் நடந்து பொருத்தினர். 5 மணி 50 நிமிடமாயிற்று. 1914இல் ஒரு வரிசையை நிலத்திலிருந்து இருபத்தாறேமுக்கால் அங்குலமும், மற்றொன்றை இருபத்துநாலரை அங்குலமும் உயர்த்தி அமைத்தனர். நெட்டையர் குழுவுக்கு ஒன்று, குட்டையர் குழுவுக்கு ஒன்று. வேலையையும் மேலும் நுணுகப் பிரித்தனர். 1 மணி 33 நிமிடத்தில் ஓர் அடிச்சட்டம் முடிந்தது.

போர்ட்டின் வெற்றியை யாவரும் புகழ்வர். அவர் கையாண்ட முறைக்கு எத்துணைச் செலவாகும் என்பதை நினைப்போர் சிலரே. ஒரே வகை வண்டியை இலட்சக்கணக்கில் செய்து, செய்தனவெல்லாம் விற்று முடிந்த காலம் அது. ஓடும் தொழிற்சாலையையே பரீட்சைக் கூடமாக்க அவருக்கு இயன்றது. மற்றையோர்க்கு அது கைகூடாது. ஒரு நாள் வரிசையை நிறுத்தினால் ஒரு நாட் கூலியும் ஒரு நாட் பொருளும் நட்டம். ஆகவே மற்றைத் தொழிற்சாலைகளில் கடிகாரமும் காகிதமும் கொண்டு கணக்கிட்டனர். ஒவ்வொரு வேலைக்கும் சராசரி நேரம் அளந்து, எல்லா நிலைகளிலும் அந்நேரம் சமமாகுமாறு வேலையைப் பங்கிட்டனர். காகிதத்தில் வரிசை அழகாக ஓடிற்று. நிலத்தில் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதை நேயர்கள் தம் வீட்டிலேயே இரண்டு தாயக்கட்டைகளைக் கொண்டு அறியலாம். ஒன்று முதல் ஆறு வரை புள்ளியிட்ட கட்டைகளாக அவை இருக்கட்டும். இரண்டு தொழிலாளர் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். முதல்வர் தம் பங்கை முடித்து இரண்டாமவரிடம் கொடுப்பார். ஒருவர் ஒரு பொருளுக்கு எடுக்கும் நேரத்தைத் தாயக்கட்டை சொல்லும். ஒன்று விழுந்தால் ஒரு நிமிடம், ஆறு விழுந்தால் ஆறு நிமிடம். இருவர்க்கும் சராசரி மூன்றரை நிமிடமே. ஏழு மணி நேர வேலையில் 420 நிமிடம் உண்டு; அதனை மூன்றரையால் வகுத்தால் 120 பொருள்கள் வரவேண்டும். மேற்பார்வையாளரின் கணக்கு இதுதான்.

இப்போது இருவர்க்குமிடையே பொருளை வைக்க மேசை இல்லை என்று கொள்வோம். முதல்வர் விரைந்து முடித்தாலும், இரண்டாமவர் கை ஒழியும்வரை பொருளைப் பிடித்துக்கொண்டு காத்திருத்தல் வேண்டும். இரண்டாமவர் விரைந்து முடித்தாலும், முதல்வர் தரும்வரை சும்மா இருத்தல் வேண்டும். எனவே ஒவ்வொரு சுற்றும் இரண்டு கட்டைகளுள் பெரிய எண் எதுவோ அத்தனை நிமிடம் நீளும். இரு கட்டைகள் விழக்கூடிய வகைகள் 36. அவற்றுள் 11 வகையில் பெரிய எண் ஆறு. 9 வகையில் ஐந்து. 7 வகையில் நான்கு. 5 வகையில் மூன்று. 3 வகையில் இரண்டு. ஒரே ஒரு வகையில் ஒன்று. எல்லாவற்றையுங் கூட்டினால் 161. அதனை 36ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.47 நிமிடம். ஆகவே 420 நிமிடத்தில் வருவன 120 அல்ல. ஏறத்தாழ 94 மட்டுமே.

அந்த 26 பொருள்கள் எங்கே போயின? இருவருள் எவரும் சோம்பியிருக்கவில்லை. இருவரும் தத்தம் சராசரியைக் குறைவின்றிக் காத்தனர். யந்திரம் பழுதுபடவும் இல்லை. காணாமற் போன 26உம் இருவர்க்குமிடையே மேசை இல்லாமையால் போயின. தொழிற்சாலை வரலாற்றில் இத்தகைய 26 பொருள்களுக்காக எத்தனை பேரின் கூலி வெட்டப்பட்டது, எத்தனை பேர் வேலைக்கள்ளர் எனப் பெயர் வாங்கினர் என்பதற்குக் கணக்கு எவரிடமும் இல்லை. வரைபடத்தின் குற்றத்தை ஆளின் குற்றமாகக் காணும் வழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை.

இதனைக் கணிதமுறையில் ஆராய்ந்தவருள் ஹண்ட் என்னும் அமெரிக்கர் குறிப்பிடத்தக்கவர். 1956இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், வேலை நேரம் தாயக்கட்டையினும் கூடுதலாக ஏறி இறங்கும் ஒரு நிலையை எடுத்துக்கொண்டார். இடைவெளியற்ற இரண்டு நிலைகள் இருப்பின் வரிசையின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே பயன்படும். மூன்று நிலைகள் இருப்பின் 39இல் 22 பங்காக, அதாவது நூற்றுக்கு 56 அளவுக்கு, அது இறங்கிவிடும். இதற்கு மருந்தும் கணக்கிலேயே உண்டு. இரு நிலைகளுக்கிடையே ஒரு பொருள் தங்க இடம் விட்டால் மூன்றில் இரண்டு நான்கில் மூன்றாகும். இரு பொருள்களுக்கு இடம் விட்டால் ஐந்தில் நான்காகும். முதலில் விடும் சிறிய இடமே பெரும் பயன் தருகிறது. மேன்மேலும் விடும் இடத்தின் பயன் குறைந்துகொண்டே போகிறது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர் நம் நாட்டில் பெருகிய ஆடைத் தொழிற்சாலைகளில், தையல் யந்திரங்களுக்கிடையே துணித்துண்டுகள் கட்டுக்கட்டாகக் காத்திருப்பதைக் கண்டோர் இருப்பர். ஒழுங்கீனமாகத் தோன்றும் அக்கட்டுகள் செய்யும் வேலை இதுவே. ஒருவர் தாமதம் அடுத்தவரைத் தீண்டாமல் அவை தாங்குகின்றன.

ஆயினும் ஹண்டின் கணக்கு இரண்டு, மூன்று, நான்கு நிலைகளுக்கே எளிதில் இயலும். மெய்யான வரிசையில் நூறு நிலைகள் உண்டு. இடையில் யந்திரம் பழுதுபடும். பழுதுபார்ப்போர் வேறிடத்தில் இருப்பர். உறுப்பு வந்து சேராது. ஒரே பாரந்தூக்கியை மூன்று நிலைகள் ஒரே நேரத்தில் கேட்கும். சமன்பாடு எழுதுவோர் இவ்விடத்தில் பேனாவை வைத்துவிடுவர். எஞ்சியுள்ள வழி ஒன்றே: தாயக்கட்டையை உருட்டி உருட்டி, நிகழ்ந்தவாறே நிகழ்த்திப் பார்த்தல்.

இவ்வழி கணனிக்கு முந்தியது. டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய கொஸெற் என்பவர் 1908இல் தம் புள்ளிவிபரக் கோட்பாட்டைச் சோதிக்க விரும்பி, மூவாயிரங் குற்றவாளிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்துப் பார்த்தார். 1927இல் திப்பெற் என்பவர் குடிமதிப்பு அறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களை எடுத்து எழுமாற்று எண்களின் நூலொன்றை வெளியிட்டார். அட்டை கலைக்கும் தொல்லை அதனால் நீங்கியது. திப்பெற் பருத்தி ஆலைத்தொழில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆலையில் தறிகள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதை இடையிடையே திடீரெனப் பார்த்துக் குறித்துக் கணிக்கும் முறையை வகுத்தவரும் அவரே.

கணனி வந்த கதை யாவரும் அறிந்தது. 1946இல் நோயுற்றுத் தேறிக்கொண்டிருந்த உலாம் என்னும் கணித அறிஞர் சீட்டாட்டம் ஒன்றைத் தனியே ஆடியவாறு, இவ்வாட்டம் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்று களைத்து, நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடுவதே எளிது எனக் கண்டார். அவரும் வொன் நோய்மனும் இவ்வெண்ணத்தை வளர்த்தனர். 1948இல் எனியாக் என்னும் மின்கணனியில் அணுக்கருத் துணிக்கைகளின் ஓட்டத்தை இம்முறையால் கணித்தனர். சூதாட்டத்துக்குப் பெயர்பெற்ற மொன்றி காலோ என்னும் ஊரின் பெயரே இம்முறைக்கும் வாய்த்தது. அணுகுண்டுக்காகப் பிறந்த கலை அடுத்த பத்தாண்டுக்குள் உருக்கு ஆலைக்குள் புகுந்தது.

புகுத்தியவர் கீத் டக்ளஸ் டோச்சர். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் யுனைற்றட் ஸ்டீல் என்னும் உருக்குக் கம்பனியில் ஸ்டாபர்ட் பியர் தலைமையில் இயங்கிய செயலாய்வுப் பிரிவில் 1950களின் பிற்பகுதியில் அவர் பணியாற்றினார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த காலத்தில் அஞ்சற் கருவிகளைக் கொண்டு கணனி அமைத்தவருள் ஒருவர் அவர். கணிதமும் பொறியும் ஒருங்கே அறிந்தவர். உருக்கு ஆலை ஒன்று போலவே மற்றொன்று இராது. ஆயினும் எல்லாவற்றிலும் உலை உண்டு; உலைக்கு இடும் பொருள் உண்டு; உருகியதை ஏந்தும் கலம் உண்டு; கலத்தைத் தூக்கும் பாரந்தூக்கி உண்டு. உலை ஆயத்தமாயினும் பாரந்தூக்கி வேறிடத்தில் இருந்தால் உருகிய இரும்பு காத்திருக்கும். காத்திருந்தால் ஆறும். ஆறினால் மீண்டுங் காய்ச்ச எரிபொருள் வேண்டும். இன்னோர் உலை கட்டுவதா, இன்னொரு பாரந்தூக்கி வாங்குவதா, இருப்பதையே இடம் மாற்றுவதா என்னும் கேள்வி பெரும் பணத்தை விழுங்கும் கேள்வியாக அவர்முன் வந்து நின்றது.

ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு கணனி நிரலைத் தொடக்கத்திலிருந்து எழுதினால் வாழ்நாள் போதாது என்பதை டோச்சர் உணர்ந்தார். ஆலைகள் யாவற்றுக்கும் பொதுவான எலும்புக்கூடு ஒன்றை எழுதிவிட்டு, ஆலைக்கு ஆலை தசையை மட்டும் மாற்றுவோம் என்பது அவர் எண்ணம். அவரது கணக்கில் ஆலை என்பது பல யந்திரங்களின் கூட்டம். ஒவ்வொரு யந்திரமும் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறிக்கொண்டே இருக்கும். அம்மாற்றங்களை அவர் சக்கரங்களாக வரைந்து காட்டினார். பாரந்தூக்கியின் சக்கரம் ஒரு சுற்று; உலையின் சக்கரம் மற்றொரு சுற்று. இரண்டு சக்கரங்களும் தொடும் இடத்தில் இரண்டும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. அத்தொடும் இடங்களே ஆலையில் நெருக்கடி உண்டாகும் இடங்கள்.

அவர் வகுத்த ஓட்டம் மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில், அடுத்து முடியவுள்ள வேலை எதுவென்று நாடிக் கடிகாரத்தை அந்நேரத்துக்கு ஒரே பாய்ச்சலில் நகர்த்துவர். இடையில் ஒன்றும் நிகழாத நிமிடங்களைக் கணனி எண்ணிக்கொண்டிராது. இரண்டாம் படியில், அந்நேரத்தில் முடிந்த வேலைகளையெல்லாம் முடித்து, அவற்றைச் செய்த யந்திரங்களை விடுவிப்பர். மூன்றாம் படியில், விடுபட்டவற்றைக் கொண்டு புதிதாகத் தொடங்கக்கூடிய வேலை ஏதேனும் உண்டா என ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பர். உண்டாயின் தொடங்குவர்; அது எப்போது முடியும் என்பதை எழுமாற்று எண் தீர்மானிக்கும். பின்னர் மீண்டும் முதற்படி. இச்சிறு வட்டத்தைப் பல்லாயிரம் முறை சுற்றினால் ஆலையின் ஓராண்டு கழிந்துவிடும். பெகாசஸ் என்னும் கணனிக்காக எழுதப்பட்ட இப்பொதுநிரலைப் பற்றி டோச்சரும் ஓவனும் 1960இல் பிரான்சு நாட்டின் எய்ஸ் நகரில் கூடிய பன்னாட்டுச் செயலாய்வு மாநாட்டில் உரைத்தனர். ஒத்திகைக்கென எழுந்த மொழிகளுள் முதலாவதாக இதனையே பலர் கொள்வர். 1963இல் டோச்சர் எழுதிய 'ஒத்திகைக் கலை' என்னும் ஆங்கில நூல் இத்துறையின் முதல் நூல்களுள் ஒன்றாகும். அவர் அதனைக் கலை என்றாரேயன்றி அறிவியல் என்று பெயரிடவில்லை.

ஷெபீல்டில் இது நடந்துகொண்டிருக்க, கடலின் அப்பால் 1961இல் ஐ.பி.எம். கம்பனியின் ஜெப்ரி கோர்டன் வேறொரு வழியை வெளியிட்டார். டோச்சர் யந்திரங்களைப் பின்தொடர்ந்தார். கோர்டன் பொருளைப் பின்தொடர்ந்தார். பொருள் ஒன்று பிறக்கிறது, வரிசையில் நிற்கிறது, யந்திரத்தைப் பிடிக்கிறது, சிறிது நேரம் கழித்து விடுகிறது, வெளியேறுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வரைந்து இணைத்துவிட்டால் கணனி ஏற்றுக்கொள்ளும். கணனி நிரல் எழுதிப் பழகாத பொறியியலாளரும் கையாளத்தக்கதாக இருந்தமையால் இது விரைந்து பரவிற்று. நோர்வேயில் நைகார்டும் டாலும் ஒத்திகைக்கெனவே சிமுலா என்னும் மொழியைப் படைத்தனர். அதன் 1967ஆம் ஆண்டு வடிவத்திலிருந்த கருத்துகளைப் பின்னாளில் வந்த கணனி மொழிகள் பல வாரிக்கொண்டன. அது தனியாகச் சொல்லவேண்டிய கதை.

யந்திரங்களை எங்கெங்கே வைப்பது என்னும் இடவமைப்புக் கேள்விக்கு 1963இல் வேறொரு விடை பிறந்தது. கலிபோர்னியாவில் ஆமரும் பபாவும் அமைத்த கிராப்ட் என்னும் முறையில், தொழிற்சாலையின் இப்போதைய வரைபடத்தைக் கணனிக்குத் தருவர். எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பாரம் செல்கிறது என்பதையும் தருவர். கணனி இரண்டு பகுதிகளை இடம் மாற்றிப் பார்க்கும். பாரத்தையும் தூரத்தையும் பெருக்கிவரும் செலவு குறைந்தால் மாற்றத்தை ஏற்கும். மேலும் குறைக்க முடியாதவிடத்து நிற்கும். நின்ற இடமே உலகில் சிறந்த இடமென்று கொள்ளலாகாது. அயலிலுள்ள மேட்டுக்கு ஏறியவர் அதற்கப்பால் உயர்ந்த மலை உண்டென்பதை அறியாதிருத்தல் போன்றது அது. மேலும், தூரத்தை அளக்கும் இம்முறை காத்திருப்பை அளக்காது. இரண்டு யந்திரங்களை நெருங்கி வைத்தால் தூரம் குறையும். இடையே பொருள் தங்கும் இடமும் போய்விடும். நாம் மேலே கண்ட 26 பொருள்கள் அவ்வழியே மீண்டும் மறையும். இதனால்தான் இடவமைப்புக் கணக்கையும் ஒத்திகையையும் சேர்த்தே செய்தல் வேண்டும் என்று தொழிலறிந்தோர் வற்புறுத்துவர்.

ஒத்திகையும் கணிதமும் கைகோத்ததால் வெளிவந்த வியப்புகளுள் ஒன்றை இங்கே சொல்லலாம். வேலையை எல்லா நிலைகளுக்கும் சமமாகப் பங்கிடுவதே சிறந்ததென்று போர்ட் காலம் முதல் நம்பி வந்தனர். 1966இல் ஹில்லியரும் போலிங்கும் அது முற்றும் சரியன்று என்று காட்டினர். நடு நிலைகளுக்குச் சிறிது குறைவாகவும், இரு முனைகளுக்குச் சிறிது கூடுதலாகவும் வேலை கொடுத்தால் வரிசை சற்றே விரைந்து ஓடுகிறது. வரைந்து பார்த்தால் கிண்ணம்போல் தோன்றுவதால் கிண்ண விளைவு என்பது அதன் பெயர். நடுவில் இருப்பவரை முன்னும் பின்னும் இருவரது தாமதம் தாக்குகிறது. முனையில் இருப்பவரை ஒருபுறத்துத் தாமதமே தாக்குகிறது. ஆதலின் நடுவில் இருப்பவர்க்குச் சலுகை வேண்டியிருக்கிறது. இதனால் வரும் இலாபம் சிறிதே. ஆயினும் சமமாகப் பங்கிடுதல் இயற்கை விதியென எண்ணியோர்க்கு அது நல்ல பாடமாயிற்று.

இத்தனை இருந்தும் தொழிற்சாலை அதிபர்கள் ஒத்திகையை எளிதில் நம்பினாரல்லர். கணனியிலிருந்து வந்தவை அடுக்கடுக்கான காகிதங்களில் எண்கள். எண்ணை நம்பி இலட்சக்கணக்கான பவுண் செலவிட எவர் துணிவார்? 1976இல் ஹரியன் என்னும் பிரித்தானியர் தம் ஆய்வேட்டில், ஓடும் ஒத்திகையைத் திரையில் காட்டி, பார்ப்பவர் இடையில் நிறுத்தி மாற்றவும் இயலுமாறு செய்ய வேண்டும் என்றார். அவ்வழியில் பிரித்தானிய லேலண்ட் மோட்டார்க் கம்பனியின் கணனிப் பிரிவினர் ஸீ-வை என்னும் நிரலை ஆக்கினர். 1986இல் விட்னெஸ் என்னும் நிரல் அதற்குப் பின் வந்தது. ஆலையில் நாற்பது ஆண்டு நின்ற மேற்பார்வையாளர் ஒருவர் திரையைப் பார்த்து, அந்த யந்திரம் அப்படி நிற்காது, ஆள் பக்கத்திலிருந்து வந்து கைகொடுப்பான் என்று சொல்லக்கூடிய நிலை அப்போதுதான் உண்டாயிற்று. எண்ணை மறுக்க அஞ்சுவோரும் படத்தை மறுக்க அஞ்சார்.

படத்திற்கும் ஒரு கேடு உண்டு. பத்து நிமிடம் ஓடும் படத்தைக் கண்டு முடிவு செய்வோர் பலர். ஓர் ஓட்டம் என்பது தாயக்கட்டையின் ஒரு விளையாட்டு. அதில் வென்ற அமைப்பு அடுத்த விளையாட்டில் தோற்கலாம். வெற்று ஆலையாகத் தொடங்கும் ஒத்திகையில் முதற் சில மணி நேரம் வரிசைகள் நிரம்பா. அப்பகுதியை விலக்கிய பின்னரே எண்ணத் தொடங்குதல் வேண்டும். வெவ்வேறு எழுமாற்று எண்களைக் கொண்டு பலமுறை ஓட்டி, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். பழைய ஆலையாயின், ஒத்திகை தரும் விளைவு சென்ற ஆண்டு மெய்யாக நிகழ்ந்ததோடு ஒத்திருக்கிறதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். இவற்றைச் செய்யாத ஒத்திகை சோதிடத்தினும் மேலானதன்று.

இனி, ஒத்திகை தன்னளவில் கேளாத கேள்வி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் லோர்ட்ஸ்டவுன் என்னுமிடத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் தொழிற்சாலையில், 1970களின் தொடக்கத்தில் மணிக்கு நூறு வண்டி வீதம் வெளியேறுமாறு வரிசை அமைக்கப்பட்டது. ஒரு வண்டிக்கு 36 செக்கன். பிற தொழிற்சாலைகளில் ஏறத்தாழ ஒரு நிமிடம் இருந்தது. 1972ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அத்தொழிலாளர் மூன்று கிழமையளவு வேலைநிறுத்தஞ் செய்தனர். 36 செக்கனை எழுதுவது எளிது. ஓர் ஆள் நாள் முழுவதும் 36 செக்கனுக்கு ஒருமுறை அதே திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தால் அவன் என்னாவான் என்பதைக் கணனிக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை, எழுதவும் அரிது.

சுவீடன் நாட்டின் வொல்வோ கம்பனி 1974இல் கல்மார் நகரில் கட்டிய தொழிற்சாலை இதற்கு மாறான வழியில் சென்றது. ஓடுபட்டைக்குப் பதிலாக வண்டிகளைச் சுமந்து தாமே நகரும் தட்டுகளை அமைத்தனர். தொழிலாளர் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னும் பின்னும் சில வண்டிகள் தங்கும் இடம் விடப்பட்டது. ஒரு குழு விரைந்து முடித்து ஓய்வெடுத்தாலும் அடுத்த குழுவுக்கு இடையூறில்லை. ஹண்டின் கணக்கில் உற்பத்தியைக் காத்த அதே வெற்றிடம் கல்மாரில் மனிதனின் மூச்சையும் காத்தது. யப்பானில் தொயொத்தா கம்பனியின் ஓனோ இதற்கு நேரெதிராக, இடையில் தங்குவதை இயன்றவரை குறைத்தார். தங்கல் இருந்தால் குறை மறையும், தங்கல் இல்லாவிடின் குறை உடனே தோன்றும், தோன்றினால் திருத்தலாம் என்பது அவர் வாதம். அவர் வரிசையில் குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். தங்கலைக் குறைத்துவிட்டுக் கயிற்றைக் கொடாத தொழிற்சாலைகளும் பின்னாளில் எழுந்தன. தொயொத்தாவின் பெயரை அவை கூறிக்கொண்டாலும் முறையின் பாதியையே எடுத்துக்கொண்டன. கல்மார்த் தொழிற்சாலை 1994இல் மூடப்பட்டது.

ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1980களின் பிற்பகுதி முதல் தன் வரிசைகளின் நெருக்கிடங்களைக் கணிதத்தாலும் ஒத்திகையாலும் தேடத் தொடங்கிற்று. பத்து நாடுகளில் முப்பதுக்கு மேற்பட்ட வண்டித் தொழிற்சாலைகளில் இம்முறை பரவிற்று. 210 கோடி டொலருக்கு மேற்பட்ட பயன் விளைந்ததெனக் கணக்குக் காட்டி, 2005இல் செயலாய்வுத் துறையின் எடெல்மன் பரிசை அக்கம்பனி பெற்றது. அவ்வேலையில் கணிதத்தைப் போலவே தரவு திரட்டலும் பெரும் பகுதியாயிற்று. ஒவ்வொரு நிலையும் எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, பழுதால் நின்றதா, முன்னிலை தராமையால் நின்றதா, பின்னிலை ஏற்காமையால் நின்றதா என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். யந்திரம் நின்றது என்று மட்டும் எழுதிய பதிவேட்டிலிருந்து இதனை அறிய இயலாது. எனவே ஓர் ஒத்திகை தொடங்குமுன் ஆலையின் நிலத்தில் சிலர் பல நாள் நின்று, ஒவ்வொரு நிற்றலுக்கும் காரணத்தைப் பிரித்து எழுதுகின்றனர். தானியங்கிக் கருவிகள் பொருத்திய ஆலைகளிலும் ஏன் நின்றது என்னும் பத்தியை நிரப்புவது பெரும்பாலும் அந்நிலையில் நிற்கும் தொழிலாளியே.